வெளிய உக்காந்திருக்கறவங்க

இல்ல மேடம், யாரும் சொல்லிக் குடுத்து வரல. இதோ பக்கத்துல உக்காந்திருக்காங்களே, சித்தி, வர்ற வழியெல்லாம் வாயத் திறக்கல. கேட்டதுக்கு பதில் சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுன்னாங்க, அவ்ளோதான். அப்பறம் வாசல்ல நிறுத்தி முடிய ஒதுக்கி விட்டாங்க. அது சொல்லிக் குடுக்கறதுல வராதுல்ல?

தண்ணி வேண்டாம். இல்ல, சரி, வைங்க மேடம், நான் கொஞ்சம் வளவளன்னு பேசுவேன், தொண்ட காஞ்சுடும். நடுவுல எங்கயாவது போயிட்டேன்னா நிறுத்துங்க. எங்க டீச்சர்ஸ் எல்லாம் அப்டித்தான் நிறுத்துவாங்க.

நான் கூண்டுல ஏறணும்னு நெனச்சிட்டு இருந்தேன் மேடம். நாலு பக்கமும் ஆளுங்க, எதிர்ல அவன். பதினெட்டு ஆகாதவங்கள தனி ரூம்ல வெச்சுதான் கேப்பாங்க, பேசறப்ப அவன் மூஞ்சியக்கூட நீ பாக்க வேண்டாம்னு ஸ்கூல் கவுன்சலர் மிஸ் சொன்னப்ப நான் நம்பல. பெரியவங்க எனக்கு சொன்னது நெறைய நடக்கல, அதான். ஆனா இது நடந்திருக்கு. உங்க ஜன்னல்ல செடி வேற இருக்கு.

ம், ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். அவன் பேரு உங்க முன்னாடியே இருக்குல்ல? நான் கேப்டன்னே சொல்லிக்கறேனே. பேரு சொன்னா ஒரு மாதிரி இருக்கு. ஸ்கூல் நீச்சல் டீமுக்கு அவன்தான் கேப்டன், படிச்சு முடிச்சு போனப்பறமும் எல்லாரும் கேப்டன்னுதான் கூப்பிடுவாங்க. இப்ப நாங்க பயிற்சி எடுக்கற அதே நீச்சல் குளத்துல ஆளுங்கள காப்பாத்தற வேல. உயரமான நாற்காலில விசில் வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்களே, அந்த வேல. எனக்கு அப்ப பதினாறு. நானும் டீம்ல இருந்தேன். ரொம்ப வேகம்லாம் இல்ல, ஆனா மூச்சு நல்லா பிடிப்பேன்.

யாரும் பிடிச்சுக் கட்டாயப்படுத்தல மேடம். அதயும் சொல்லிடறேன். எனக்கும் பிடிச்சுதான் இருந்துச்சு. அவன் என் நீச்சல் கண்ணாடியோட ரப்பர் அறுந்தத பாத்துட்டு, மறுநாள் புதுசு கொண்டு வந்து, ஒண்ணுமே பேசாம என் பை மேல வெச்சுட்டு போனான். அந்த வயசுல அது போதும். இப்பவும் அந்த வயசுதான், ஆனா இப்ப போதாது.

வீட்டுக்குத் தெரியுமான்னா... தெரியும் மேடம். அதுதான் விஷயமே. மத்த பொண்ணுங்க எல்லாம் வீட்டுல மறைப்பாங்க. நான் மறைக்கல. எங்கம்மா லாண்டரி கடை வெச்சிருக்காங்க. கீழ கடை, மேல வீடு. நானும் அம்மாவும்தான். அப்பா இல்ல. இருக்கார், ஆனா இல்ல. நான் நாலாவது படிக்கறப்ப போயிட்டார். போனதுக்கு நாங்க யாரும் அழல. அம்மா அன்னிக்கு பூட்டு மாத்தினாங்க, அப்பறம் எனக்கு ரெண்டு முட்ட போட்டுக் குடுத்தாங்க. அது நல்லா ஞாபகம் இருக்கு.

கேப்டன் முதல்ல கடைக்கு வந்தது குளத்து டவல் எல்லாம் ஒரு மூட்டையா போட. அன்னிக்கு ஆவி மெஷின் மக்கர் பண்ணிட்டு இருந்துச்சு, அம்மா அதோட மல்லுக்கு நின்னுட்டு இருந்தாங்க. அவன் சட்டக் கைய மடிச்சு விட்டுட்டு உக்காந்துட்டான். குழாய்ல அடச்சிருந்த உப்ப எடுத்து, கழுவி, மாட்டி, புஸ்ஸுன்னு ஆவி வந்ததும் அம்மா சிரிச்சாங்க பாருங்க. அம்மா அப்டி சிரிச்சு நான் ரொம்ப நாள் பாக்கல. அப்பறம் வாரம் முழுக்க வந்தான். மூட்ட தூக்குவான். வீடுவீடா போய் துணி குடுத்துட்டு வருவான். ஆன்ட்டின்னு கூப்பிட்டவன் ஒரு மாசத்துல அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சான். அம்மாவுக்கு கால் சுளுக்கி படுத்திருந்தப்ப நான் பரீட்சைக்கு போயிட்டேன், அவன்தான் கடையத் திறந்து வெச்சு, அம்மாவுக்கு கஞ்சி வெச்சுக் குடுத்தான். என்னைய விட அவன்தான் பொறுப்புன்னு அம்மா வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொன்னாங்க. எனக்கும் பெருமையாதான் இருந்துச்சு மேடம். பொறாமப்படணும்னு தோணவே இல்ல.

கஷ்டம் எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டா, எனக்கு ஒரு நாளக் காட்டத் தெரியல. கவுன்சலர் மிஸ்ஸும் இதத்தான் கேட்டாங்க. முதல்ல போன் பாஸ்வேர்ட். லவ் பண்றவங்களுக்குள்ள என்ன ஒளிவுமறைவுன்னான். சரின்னு குடுத்துட்டேன். அப்பறம் எங்க இருக்கேன்னு போட்டோ அனுப்பணும். குருவி வீட்டுல இருக்கேன்னு சொன்னா குருவியோட சேர்ந்து நிக்கற போட்டோ. குருவி என் ஃபிரண்டு மேடம், சின்ன வயசுலேர்ந்து. குட்டியா இருப்பா, கீச்சுக் குரல், அதான் குருவி. அவ ஒருநாள் சொன்னா, ஏண்டி, எங்கூட இருக்கறதுக்கு நீ யாருக்கு வருகைப்பதிவு குடுக்கறேன்னு. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

அப்பறம் கை. கைன்னா, இங்க, தோளுக்கு கீழ. பிடிச்சு இழுப்பான். பேசிட்டே இருக்கறப்ப விரல இறுக்குவான், மூஞ்சி மட்டும் சாதாரணமா இருக்கும். எதிர்ல இருக்கறவங்களுக்கு தெரியாது. நீச்சல் உடுப்புல கை மறையாதுல்ல, அதனால தண்ணியில கட்டியிருக்கற கயிறு பட்டுடுச்சுன்னு கோச் கிட்ட சொன்னேன். ரெண்டு தடவ கயிறு. மூணாவது தடவ நான் பயிற்சிக்கே போகல. கயிறு எவ்ளோ தடவதான் படும்?

அதச் சொல்லணுமா மேடம்? இல்ல, சொல்றேன். தண்ணி குடிச்சுக்கறேன்.

அன்னிக்கு குளம் மூடற நேரம். துணி மாத்திட்டு போயிட்டாங்க எல்லாரும். நான் டீம விட்டு நிக்கப்போறேன்னு அவன்கிட்ட சொல்ல வந்தேன். டீம மட்டும் இல்ல, இதயும் கொஞ்ச நாள் நிறுத்தி வெக்கலாம்னு. அத நான் தண்ணிக்குள்ள நின்னுட்டு சொன்னேன். முட்டாள்தனம். அவன் சிரிச்சான். சிரிச்சிட்டே என் தலையில கைய வெச்சான். விளையாட்டுக்கு அமுக்குவாங்கல்ல, அப்டித்தான் இருந்துச்சு முதல்ல. நான் மூச்சு நல்லா பிடிப்பேன்னு சொன்னேன்ல, அதனால எனக்கு தெரிஞ்சுது மேடம், இது விளையாட்டு நேரத்தத் தாண்டிடுச்சுன்னு. நான் அவன் கையக் கீறினேன். எடுக்கல. குருவி மறந்துபோன தொப்பிய எடுக்க திரும்பி வந்திருக்கா. அவ போட்ட சத்தத்துலதான் விட்டான். விட்டுட்டு என்ன சொன்னான்னா, நீ மூச்சு பிடிக்கற நேரத்த கூட்டறதுக்குதான் பயிற்சி குடுத்தேன்னான். குருவி முன்னாடி என் முதுகத் தட்டிக் குடுத்தான்.

ஆமா மேடம், குருவி பாத்துருக்கா. அவ வெளிய இருக்கா, கூப்பிட்டா சொல்லுவா. அவங்க அப்பாகூட வந்திருக்கா.

நேரா அம்மாகிட்டதான் போனேன். தல ஈரம்கூட காயல. ஏன் அம்மாகிட்ட முதல்ல போனேன்னா, உங்களுக்கு இது புரியணும் மேடம், அப்பா அம்மாவ அடிச்சத நான் பாத்துருக்கேன். மேசைக்கு அடியில உக்காந்து பாத்துருக்கேன். உலகத்துல வேற யாருக்கு புரியலன்னாலும் எங்கம்மாவுக்கு புரியும்னு நெனச்சேன். ஒரு வார்த்த சொன்னா போதும், மிச்சத்த அவங்களே சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்.

அம்மா ஒரு வெள்ள சட்டய தேய்ச்சிட்டு இருந்தாங்க. நான் சொல்லச் சொல்ல தேய்ச்சிட்டே இருந்தாங்க. முடிச்சதும் பெட்டிய நிமித்தி வெச்சுட்டு கேட்டாங்க, உங்கப்பா மாதிரி ஓங்கி அடிச்சானா?

இல்லன்னேன்.

அப்பறம் என்ன, பிடிச்சுதானே அமுக்கினான். சின்னப் பசங்க விளையாட்டு. அடின்னா என்னன்னு உனக்குத் தெரியாதுடி, தெரியாமயே இருக்கட்டும்.

அவ்ளோதான் மேடம். அடுத்த சட்டய எடுத்துட்டாங்க. நான் ரொம்ப நேரம் அங்கயே நின்னேன். அவங்களுக்கு நடந்த அளவுக்கு எனக்கு நடக்கலன்னு அவங்க கணக்கு. அது முழுசா நடக்கற வரைக்கும் நான் காத்திருக்கணுமா?

போலீசுக்கு போகச் சொன்னது கவுன்சலர் மிஸ். குருவி அவங்ககிட்ட போய் சொல்லிட்டா, என்னக் கேக்காமயே. அன்னிக்கு எனக்கு குருவி மேல கோவம். மிஸ் என்னக் கூப்பிட்டு கதவச் சாத்திட்டு, கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்தான் சட்டம்னு நெனச்சிட்டு இருக்கியா, லவ் பண்றவன் அடிச்சாலும் அடிதான், பயமுறுத்தினாலும் குத்தம்தான், போன்ல விடாம தொல்ல பண்றதும் அதுல சேத்திதான்னாங்க. கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு போடும், மீறினா பிடிச்சு உள்ள வெப்பாங்கன்னாங்க. எனக்கு அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம்னு நெனப்பு. எனக்கு சைக்கிள் பூட்டுதான் சொந்தமா இருக்கு, எனக்கு எப்டி கோர்ட்டுன்னு கேட்டேன். மிஸ்ஸுக்கு சிரிப்பு வந்துடுச்சு, அடக்கிக்கிட்டாங்க.

ஸ்டேஷன்ல ஒரு ஆபீசர் நல்லாதான் கேட்டார். ஆனா வீட்டுல பெரியவங்கள வரச் சொல்லணும்னார். அம்மா வந்தாங்க. நல்ல புடவயா கட்டிக்கிட்டு வந்தாங்க. குழந்தைங்க சண்ட சார், ரெண்டும் பேசாம இருந்து கோவத்துல வந்துடுச்சு, அந்தப் பையன் எனக்கு மகன் மாதிரின்னாங்க. ஆபீசர் என்னப் பாத்தார். நான் அம்மாவப் பாத்தேன். அம்மா என் கைய பிடிச்சிருந்தாங்க. எந்த இடம்னா, அவன் பிடிப்பானே, அதே இடம். அவங்க வேணும்னு பிடிக்கல, அது தெரியும். ஆனா நான் வாய மூடிக்கிட்டேன். ஆபீசர், பெத்தவங்களே சொல்றப்ப நான் என்னம்மா பண்றதுன்னு எழுந்துட்டார்.

வெளிய கேப்டன் நின்னுட்டு இருந்தான் மேடம். அம்மாதான் வரச் சொல்லியிருக்காங்க. சமாதானமாப் போகட்டும்னு. அவன் அங்க ரோட்டுலயே அழுதான். அம்மா அவன் கண்ணத் துடச்சு விட்டாங்க, முந்தானையால. எனக்கு யாரும் எதயும் துடைக்கல. நான் அழவும் இல்ல, அதனால இருக்கும்.

அப்பறமும் ஏன் அவன்கிட்ட பேசினேன்னா... நீங்க கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் கேக்கறாங்க. அவன் தெனமும் எங்க வீட்டுல இருந்தான் மேடம். கடையில, சமையக்கட்டுல, மாடிப்படியில. பேசாம இருக்கணும்னா நான்தான் வீட்ட விட்டுப் போகணும். கடைசியில அதத்தான் செஞ்சேன். மாடிப்படியில ஒருநாள் என்ன கைப்பிடிச் சுவரோட சேத்து நிறுத்தி, ஸ்டேஷனுக்கு போனியே, என்ன கெடச்சுதுன்னு கேட்டான். கீழ அம்மா ரேடியோ கேட்டுட்டு இருந்தாங்க. மறுநாள் ஸ்கூல் பையில நாலு துணிய போட்டுக்கிட்டு நேரா சித்தி வீட்டுக்கு போயிட்டேன்.

சித்தி அம்மாவோட தங்கச்சி. பஸ் ஓட்டறாங்க. நம்மகூட பேசறப்பவும் கண்ணாடியில பின்னாடி பாக்கற மாதிரி அப்பப்ப கண்ண திருப்புவாங்க. என் கைய பாத்தாங்க, ஒரு கேள்வி கேக்கல, குளிச்சுட்டு வா சாப்பிடலாம்னாங்க. சாப்பிட்டு முடிச்சப்பறம்தான் கேட்டாங்க. பாதியில எந்திரிச்சுப் போய் குழாயத் தொறந்து விட்டுட்டு நின்னாங்க. அப்பறம் வந்து, இனிமே இதுதான் உன் வீடுன்னாங்க. மறுவாரம் லீவு போட்டுட்டு இந்தப் பக்கத்து ஸ்கூல்ல சேத்தாங்க. புது நம்பர் வாங்கினோம். இடம் தெரிஞ்சது சித்திக்கும் கவுன்சலர் மிஸ்ஸுக்கும் குருவிக்கும்தான்.

அம்மாவுக்கும்.

ஆமா, நான்தான் சொன்னேன். சித்தி வேண்டாம்னுதான் சொன்னாங்க. ஆனா அம்மா சித்திக்கு போன் பண்ணி ஒரே அழுக. எங்க இருக்கா, சாப்பிட்டாளா, எந்த பஸ்ல போறா, குளிருக்கு என்ன போட்டுக்கறா. எனக்கு மனசு கேக்கல. போன வாங்கி நானே சொன்னேன். ஸ்கூல் பேரு, பஸ் ஸ்டாப், புது நம்பர், எல்லாம். யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மான்னேன். உன் மேல சத்தியமா சொல்ல மாட்டேன்டா கண்ணுன்னாங்க. அந்த கண்ணுங்கற வார்த்த ரொம்ப நாள் கழிச்சு கேட்டது. போன வெச்சுட்டு நல்லா தூங்கினேன்.

பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும், புது நம்பருக்கு மெசேஜ் வந்துச்சு. புது ஸ்கூல் யூனிஃபார்ம் கலர் உனக்கு எடுக்கலன்னு. பேரு போடல. பேரு எதுக்கு?

நான் குருவியத் திட்டினேன் மேடம். அவளுக்கு போன் பண்ணி, வாயில வந்ததெல்லாம் கேட்டேன். அவ, நான் சொல்லலடி, நான் சொல்லலடின்னு அதயே சொன்னா. மூணு பேர்ல சித்தி சொல்ல மாட்டாங்க, மிஸ் சொல்ல மாட்டாங்க, அப்ப நீதானேன்னு கேட்டேன். நாலாவதா ஒருத்தங்க இருக்காங்கன்னு எனக்கு ஞாபகமே வரல. நெஜமா வரல. அம்மாவ எண்ணிக்கைல சேக்கணும்னு யாருக்காவது தோணுமா?

அப்பறம்தான் அந்த பஸ் ஸ்டாப்.

சாயங்காலம், ஸ்கூல் விட்டு. நல்ல குளிர். ஸ்டாப்ல ஏழெட்டு பேர் இருந்தாங்க, ஒரு அம்மா குழந்தய தோள்ல போட்டுக்கிட்டு. கேப்டன் அந்தக் கூட்டத்துக்குள்ளேர்ந்து வந்தான். கையில என்னோட நீலக் கோட்டு. வீட்டுல விட்டுட்டு வந்தது. எனக்கு ஓடணும்னுகூட தோணல, அந்தக் கோட்டையே பாத்துட்டு இருந்தேன். கோட்டு மடிச்சிருந்துச்சு மேடம். ரெண்டு கையயும் முதுகுப் பக்கமா மடக்கி, காலருக்குள்ள மெல்லிசு பேப்பர் சுருட்டி வெச்சு. கடைக்கு வர்ற துணிக்கு எங்கம்மா எண் போட்ட அட்டைய குத்துவாங்க, எங்க வீட்டுத் துணின்னா காலர் உள்ள சின்னதா செவப்பு நூல் முடிச்சு போடுவாங்க, கலந்துடக் கூடாதுன்னு. அந்த செவப்பு நூல் இருந்துச்சு. புதுசா போட்ட முடிச்சு.

அம்மா குடுத்து விட்டாங்க, குளிருது பாரு, போட்டுக்கோன்னான். எல்லாரும் கேக்கற மாதிரி. அவனே விரிச்சு, எனக்கு மாட்டி விட்டான், பாப்பாவுக்கு மாட்டற மாதிரி. கீழேர்ந்து ஒவ்வொரு பட்டனா போட்டுக்கிட்டே வந்தான். குழந்த வெச்சிருந்த அம்மா எங்களப் பாத்து சிரிச்சாங்க. அவங்களுக்கு என்ன தெரியும், நல்ல அண்ணன்னு நெனச்சிருப்பாங்க. கடைசி பட்டன், கழுத்துல, அதப் போட்டுட்டு காலர விடல. முறுக்கினான். மெதுவா. காதுகிட்ட வந்து, நீ எங்க வேணா போ, நான் தேட வேண்டாம், அம்மா சொல்லிடுவாங்கன்னான்.

பஸ் வந்துச்சு. சித்தியோட பஸ் இல்ல, வேற பஸ். நான் அவன் கைய தட்டி விட்டுட்டு ஏறிட்டேன். பட்டன் பிஞ்சு எங்கயோ விழுந்துச்சு. டிரைவர் என் கழுத்தப் பாத்துட்டு கதவச் சாத்திட்டார், அவன ஏத்தல. சித்திய தெரிஞ்சவரு போல, அவருதான் சித்திக்கு போன் பண்ணியிருக்கார்.

இறங்கினதும் நான் அம்மாவுக்கு போன் பண்ணேன். கேக்கணும்னு இருந்ததெல்லாம் மறந்துபோச்சு. அம்மா எடுத்ததும் கேட்டாங்க, கோட்டு பத்திரமா வந்து சேந்துச்சாடா?

வந்துச்சும்மான்னேன்.

பாத்தியா, உனக்காக எவ்ளோ தூரம் வந்திருக்கான். அவன் மாறிட்டான்டி. எங்கிட்ட தெனமும் வந்து அழறான். ஒரு தடவ பேசு.

கழுத்து வலிக்குதும்மான்னேன்.

அம்மா கடைக்கு வந்தவங்களுக்கு சில்லற எண்ணிக் குடுக்கறது கேட்டுச்சு. அப்பறம், தைலம் தேச்சுக்கோன்னாங்க.

இல்ல மேடம், பரவால்ல. நிறுத்த வேண்டாம். சித்தி, நீங்க அழாதீங்க, உங்கள பாத்தா எனக்கும் வரும்.

அன்னிக்கே சித்தி மிஸ்ஸுக்கு பேசினாங்க. அப்பதான் மிஸ் அந்த விஷயத்த சொன்னாங்க, பதினாறு முடிஞ்சிருந்தா பெத்தவங்க சம்மதம் வேண்டாம், நீயே கேக்கலாம், கூட ஒரு பெரியவங்க துணைக்கு நின்னா போதும்னு. இது எனக்கு ஸ்டேஷன்லயே தெரிஞ்சிருந்தா எவ்ளோ நல்லாருந்திருக்கும். அந்த ஆபீசருக்கு தெரியாதா, இல்ல தெரிஞ்சும் எந்திரிச்சுட்டாரான்னு இன்னும் யோசிக்கறேன். நீங்க அன்னிக்கு போட்டீங்கல்ல, தற்காலிக உத்தரவு? அது வந்தப்பறம் அவன் வரல மேடம். மெசேஜ் இல்ல. குளத்துல பசங்க பயிற்சி நேரத்துல அவன வேலைக்கு வெக்கறதில்லன்னு குருவி சொன்னா. குருவி பேசறா எங்கிட்ட, ஆமா. மன்னிப்பு கேட்டேன். ம்-ன்னு ஒரு எழுத்து மட்டும் அனுப்பினா, மறுநாள் வீட்டு வாசல்ல வந்து நின்னா. போன வாரம் இந்தப் பக்கத்து குளத்துல ரெண்டு பேரும் இறங்கினோம். நான் ஓரமாவே நின்னேன், தலைய உள்ள விடல. அடுத்த வாரம் விடுவேன்னு நெனக்கறேன்.

புரியுது மேடம். கிட்ட வரக்கூடாது, போன் கூடாது, ஸ்கூல் பக்கம், சித்தி வீட்டுப் பக்கம் கூடாது. புரியுது. வேற ஒண்ணு கேக்கலாமா? அடுத்தவங்க மூலமாவும் தொடர்பு கொள்ளக் கூடாதுன்னு அதுல வரும்னு மிஸ் சொன்னாங்க. பொருள் குடுத்து விடறது, சேதி சொல்லி விடறது எல்லாம் சேத்து. அதுல யாரு மூலமான்னு பேரு குறிப்பிட்டு எழுத முடியுமா? அப்பறம் நாங்க வீடு மாறப் போறோம். புது இடம் உத்தரவுல வராம, யாருக்கும் போற நகல்லயும் வராம பாத்துக்க முடியுமா? யாருக்குமேன்னா, எங்க வீட்டு ஆளுங்களுக்கும்.

முடியுமா? சரி மேடம். நன்றி மேடம்.

ம்? அவன் தரப்பு சாட்சியா? இப்பவா? நான் இருக்கலாம்னா இருக்கேன். போகணும்னா போறேன். இல்ல, பயமில்ல. அந்தப் பேரா? தெரியும் மேடம். எனக்கு அந்தப் பேரு தெரியும். எங்கம்மா.

இல்ல, முன்னாடி தெரியாது. சித்திக்கும் தெரியாது. காலைல நாங்க வர்றப்ப அம்மா வராந்தால நின்னுட்டு இருந்தாங்க. நல்ல புடவ. எனக்காக வந்துருக்காங்கன்னு நெனச்சேன் மேடம். சித்தி கையப் பிடிச்சு இழுத்தாங்க, நான் விடுவிச்சுக்கிட்டு ஓடிப்போய் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அம்மா என் முதுகத் தடவிக் குடுத்தாங்க. எளச்சுட்டியேன்னாங்க. அப்பறம் என்ன மெதுவா விலக்கி விட்டுட்டு, போய் அவன் பக்கத்து நாற்காலில உக்காந்தாங்க.

கூப்பிடுங்க மேடம். அவங்களுக்கு ரொம்ப நேரம் உக்காந்தா கால் வீங்கிடும்.